திருச்செந்தூர் வேன் நிற்காத மேடு

தோண்டி எடுத்த பொருள் தோண்டிய ஊரிலேயே இருந்தால் பயணிக்கு என்ன லாபம்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் விடிவதற்கு முன்பே வேன்கள் வரத் தொடங்கிவிடும். பச்சை வேட்டி, மொட்டைக்குக் காத்திருக்கும் கைக்குழந்தை, பின்சீட்டுக்கு அடியில் புளியோதரைத் தூக்கு, ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு. செய்துங்கநல்லூரும் கருங்குளமும் தாண்டியதும் சாலை ஒரு செம்மேட்டை அறுத்துக்கொண்டு போகிறது. சரளைக்கல், உடைமரம், ஆங்காங்கே பனை. ஊர்க்காரர்கள் அதைப் பரம்பு என்பார்கள். வேனுக்குள் யாரும் தலை திருப்புவதில்லை. பார்ப்பதற்கு அங்கே கோபுரமும் இல்லை, கடலும் இல்லை. டயர் உருளும் தாருக்குப் பக்கத்திலேயே, ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்காரும் அளவுள்ள மண்தாழிகளில், ஏறக்குறைய 2,900 ஆண்டுக்கு முந்தைய மனிதர்களைப் புதைத்த காடு அது. ஊரின் பெயர் ஆதிச்சநல்லூர்.

2023 ஆகஸ்ட் முதல் அந்த மேட்டில் ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே தரைக்குப் பதில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே குழி, குழியில் தாழி. மண்ணின் பாரத்தில் விரிசல் விட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றிலும் சின்னச் சின்னக் கலயங்களோடு, தோண்டியவர்கள் கண்டபடியே கிடக்கிறது. முதலில் கால் வைக்கக் கூசும். அந்தக் கூச்சம்தான் இந்த இடத்தின் விசேஷம். நகரத்துக் கண்காட்சியில் மேடைமேல் நிமிர்த்தி வைத்த தாழியைப் பார்த்தால் பெரிய பானை என்று தோன்றும். இங்கே அதைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்ததுமே அது கல்லறை என்று உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. வெளியே வந்தபின் மேட்டில் நடக்கவும் தயக்கமாக இருக்கும். அங்கே கண்ணாடி போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தாமிரபரணிக்கரைச் சிவகளைப் பொருள்களின் காலக்கணிப்பு, கீழடி அறிக்கையைச் சுற்றிய வழக்கு, புதிதாக எழும் அருங்காட்சியகங்கள் என்று தமிழ்நாட்டில் தொல்லியல் டீக்கடைப் பேச்சாகிவிட்ட காலம் இது. பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: எவ்வளவு பழசு? அதைவிடச் சாதாரணமாகத் தெரியும் இன்னொரு கேள்விக்குத்தான் விளைவுகள் அதிகம்: கிடைத்த பொருள் எங்கே இருக்க வேண்டும்? கிடைத்த ஊரிலேயே, கிடைத்த குழிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஊர்ப்பாசத்தால் சொல்வதல்ல. பொருளையும் மண்ணையும் பிரித்துவிட்டால் வெளியூரிலிருந்து வருபவருக்கு அரும்பொருள் மட்டும்தான் காணக் கிடைக்கும். அது ஏன் அங்கே இருந்தது, ஆறு எந்தப் பக்கம் ஓடியது, ஊர் எங்கே இருந்தது, சுடுகாடு எங்கே இருந்தது என்பதெல்லாம் மண்ணோடு தங்கிவிடும்.

‘செத்த காலேஜ்’

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அந்தக் காலச் சென்னைவாசிகள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. உயிருள்ள மிருகங்களைக் காட்டிய மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. கேலியாகச் சொன்னதுதான் என்றாலும் அதில் ஒரு விமரிசனமும் ஒளிந்திருக்கிறது. 1851-ல் தொடங்கிய எழும்பூர் நிறுவனம், கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் மிகப் பழைய அரசு அருங்காட்சியகம். சென்னை மாகாணம் முழுக்க எங்கே எது கிடைத்தாலும் வண்டியேறி அங்கே வந்து சேரும். அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள், தஞ்சை வட்டாரத்துச் செப்புத் திருமேனிகள், ராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். தலைநகரில் சேர்த்து வைப்பதால் ஒரு நன்மை உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை: ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல்லவர் காலத் திருமேனிக்கும் சோழர் காலத் திருமேனிக்கும் உள்ள வேறுபாடு ஒரே கூடத்தில் பத்தடி நடந்தால் தெரிந்துவிடும். அதற்குக் கொடுத்த விலை, இடம். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் உள்ள அட்டையில் ‘கிடைத்த இடம்’ என்று ஒற்றை வரி இருக்கும். அந்த ஊரைத் தெரியாதவருக்கு அந்த வரி வெறும் மை.

ஆதிச்சநல்லூருக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த விலை புரியும். 1876-ல் ஜெர்மானியப் பயணி ஃபெடோர் யாகோர் இங்கே தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899-லிருந்து 1905-க்குள் இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்ஸாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள், மூடியில் எருமையும் பறவையும் நிற்கும் வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், மண்டையோடுகள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார். அவை எழும்பூர் போயின. 1915-ல் ரீயின் பட்டியல் நூலாக வந்தது. உலகத்துக்கு ஆதிச்சநல்லூர் தெரிந்துவிட்டது. ஆதிச்சநல்லூரில் என்ன மிஞ்சியது? நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு மேடும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற அரசுப் பலகையும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே வந்து இறங்கிய எவரும் பலகையைப் படித்துவிட்டு, வெயிலில் கொஞ்சம் நின்றுவிட்டு, அடுத்த பஸ் ஏறியிருப்பார்கள். அந்த மேட்டைக் காணாமல் கடந்துபோன வேன்களைக் குறை சொல்லிப் பயனில்லை; நிற்பதற்கு நாம் அங்கே எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நாகப்பட்டினத்தின் கதையும் இதே ஜாதி. ஸ்ரீவிஜய அரசர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது. 1856-ல் தொடங்கி வெளிப்பாளையம் பகுதியிலும் சுற்றுவட்டத்திலும் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சென்னைக்கும் வேறு பல ஊர்களுக்கும் பிரிந்து போயின. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடையளித்ததைச் சொல்லும் செப்பேடுகள் 21 ஏடுகள், சுமார் 30 கிலோ எடை; அவை கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போயின. போனது மட்டுமல்ல, பெயரையும் பறிகொடுத்தன. வரலாற்று நூல்களில் அவை ‘லெய்டன் செப்பேடுகள்’! வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் ஆண்டு முழுவதும் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு, மாதாவையும் ஆண்டவரையும் வணங்கிய அதே கடற்கரையில் புத்தரும் இருந்தார் என்று யாரும் சொல்லாமல் போவதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

[பெட்டிச் செய்தி] 14 ஆண்டு காத்திருந்த மாதிரிகள்

2004–05-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தலைமையில் ஆதிச்சநல்லூரில் மீண்டும் அகழாய்வு நடந்தது. 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அறிக்கை வரவில்லை, மாதிரிகளின் காலமும் வெளியாகவில்லை. உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2019-ல் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட விடை: இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696. அடுத்த ஆண்டு மத்திய பட்ஜெட்டில் தளத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து இடங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்று. மற்றவை: ராக்கிகடி, அஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா.

சிங்கம் சாரநாத்தைவிட்டு நகரவில்லை

முக்கியமான பொருள் என்றால் தலைநகரில்தானே இருக்க வேண்டும் என்பது பலருக்கும் இயல்பாக வரும் எண்ணம். இதற்கு நம் எல்லார் சட்டைப்பையிலும் ஒரு மறுப்பு இருக்கிறது. ரூபாய் நாணயத்தில் உள்ள நான்முகச் சிங்கத்தின் மூலச் சிற்பம் டெல்லியில் இல்லை. வாரணாசிக்குப் பக்கத்தில் சாரநாத் என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1905-ல் எஃப். ஓ. ஓர்ட்டெல் அதைத் தோண்டி எடுத்தார். அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல், அகழாய்வில் கிடைப்பவற்றை அவை சேர்ந்த இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே காட்டுவது என்ற கொள்கையைக் கொண்டுவந்தவர். அதன்படி 1910-ல் சாரநாத் அருங்காட்சியகம் உருவானது. 1950-ல் அந்தச் சிங்கம் குடியரசின் சின்னமானது. ஆனாலும் ஊரைவிட்டு நகரவில்லை. இன்று அங்கே போகிறவர் கூடத்தில் ஏழடிச் சிங்கத்தைப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து, அது ஒரு காலத்தில் உச்சியில் நின்ற தூணின் உடைந்த அடிப்பாகத்தைப் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே உயரம் புரியும், விழுந்த வேகமும் புரியும்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஆதிச்சநல்லூரில் ரீ தோண்டி முடித்ததும் சாரநாத்தில் சிங்கம் கிடைத்ததும் ஏறத்தாழ ஒரே நேரம். ஒரே அரசு, ஒரே துறை. வடக்கே கிடைத்தது அங்கேயே நின்றது. தெற்கே கிடைத்தது ரயிலேறியது. இதில் சதி எதையும் தேட வேண்டாம். கொள்கை வந்த வேளையும் அதிகாரிகளின் பழக்கமும் ஒத்துப்போகவில்லை என்பதே போதுமான விளக்கம். ஆனால் அந்தச் சிறிய வேளைப்பிசகு ஒரு நூற்றாண்டுப் பயணிகளின் கண்ணிலிருந்து ஒரு நாகரிகத்தை மறைத்துவிட்டது.

கீழடி சொல்லும் பாடம் வேறு

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில், சிலைமான் தாண்டி உள்ளே திரும்பினால் கீழடி. 2014–15-ல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வு அது. பள்ளிச்சந்தைத் திடல் என்ற சுமார் 110 ஏக்கர் தென்னந்தோப்பு. கிடைத்தவற்றை மைசூருக்குக் கொண்டுபோக முயன்றபோது 2016-ல் எதிர்ப்புக் கிளம்பி, வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. 2018-லிருந்து மாநிலத் தொல்லியல் துறை தோண்டுகிறது. 2023 மார்ச் 5-ல் ஊரிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2024-ல், முதல் இரண்டு கட்டங்களில் கிடைத்த 5,765 பொருள்களைத் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த வரலாறு பலருக்கும் தெரியும். இதன் விளைவுகளைத்தான் யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை.

முதல் விளைவு, பார்ப்பவர்கள் மாறியது. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அழகர்கோவில் என்று வழக்கமான மதுரைச் சுற்றில் கீழடியும் ஓர் ஊராகச் சேர்ந்துவிட்டது. அருங்காட்சியகம் என்றாலே பள்ளிச் சுற்றுலாவுக்கு மட்டும் என்றிருந்த நிலைக்கு இது பெரிய மாற்றம். செட்டிநாட்டுப் பாணித் தூண்களும் ஓட்டுக் கூரையும் கொண்ட ஆறு கட்டடங்கள். நூல் நூற்கும் தக்களி, தந்தத்தில் செய்த பகடைக்காய், சூதுபவள மணி, ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடு. இவற்றில் ராஜாவின் பொருள் என்று ஒன்றும் இல்லை. வீட்டில் புழங்கியவை, தொழிலில் தேய்ந்தவை, விளையாடி எறிந்தவை. ஓட்டில் தன் பெயரைக் கீறிவைத்த ஆதன், எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்கும் வழக்கத்துக்கு வெகு தூரத்து முப்பாட்டன். தங்கத்துக்குக் காவல் போட்ட கூடத்தில் இந்த உறவு யாருக்கும் தோன்றாது. தோப்புக்கும் வயலுக்கும் நடுவே, இதே மண்ணில் குடியிருப்பவர்கள் எதிரே நடமாடும் இடத்தில் தானாகவே தோன்றிவிடுகிறது.

இரண்டாவது விளைவு இன்னும் பெரியது. பொருள் ஊரில் இருந்தால் ஊர் அதற்குக் காவல் நிற்கும். தோட்டத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடு தட்டுப்பட்டால் அதை வரப்போரம் வீசுவதா, சொல்லி அனுப்புவதா என்பது ஒரு கணத்தில் எடுக்கும் முடிவு. அந்த ஓட்டைப் போலவே ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் மரியாதையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவருக்கு அந்த முடிவு எளிது. பார்க்காதவருக்கு அது உடைந்த சட்டி. ஏழாம் கட்ட அகழாய்வுக் குழிகளை மூடாமல், திறந்தவெளி அருங்காட்சியகத்துக்காக விட்டுவைத்ததும் இந்த வகையில் நல்ல முடிவு. பொதுவாக அகழாய்வு முடிந்ததும் குழியை மண்போட்டு நிரப்பிவிடுவார்கள். நிலத்துக்காரருக்குத் தென்னை வேண்டும், தளத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால் வருகிறவர் அருங்காட்சியகத்தை நம்ப வேண்டியதுதான், சரிபார்க்க வழியில்லை. ஒரு சில குழிகளாவது திறந்திருந்தால், சுவர்போல நிற்கும் மண்ணில் அடுக்கடுக்காக நிறம் மாறுவதை எவரும் தம் கண்ணால் காணலாம். காலம் என்பது ஆழம் என்று புரிய அதைவிட எளிய வழி இல்லை.

“திருட்டுப் போய்விடாதா?”

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எப்போதும் வருவது: சின்ன ஊரில் காவல் ஏது? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதும், 2014-ல் பிரதமர் மட்டத்தில் திரும்பி வந்ததும் நாடறிந்த விஷயம். இது சிற்றூரில் எதையும் வைக்கக் கூடாது என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கூர்ந்து பார்த்தால் இது வேறொன்றுக்குச் சான்று. திருட்டு நடந்தது காவலுள்ள அருங்காட்சியகத்தில் அல்ல, பூட்டிக் கிடந்த கோயிலில். சிலையை மீட்டுக் கொடுத்தது எது? 1990-களில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த புகைப்படம். எடுத்த படமும் எழுதிய பதிவும் இருந்தால் பொருள் என்றாவது வீடு திரும்பும். இல்லையென்றால் இரும்புக் கதவுக்குள் இருந்தாலும் அநாதைதான். உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு முதலில் வேண்டியது துப்பாக்கிக் காவலர் அல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணும் படமும் கொண்ட முழுமையான பதிவேடு. பொன், வெண்கலம் போன்றவற்றில் மிகச் சிலவற்றை மட்டும் மாவட்டத் தலைநகரில் வைத்து, ஊரில் படியெடுத்த உருவை வைக்கலாம். அது படி என்று அட்டையில் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

பெரிய இடத்தில் இருந்தால் பத்திரம் என்பதும் முழு உண்மை அல்ல. 2016-ல் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018 செப்டம்பர் 2-ம் தேதி இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, இரண்டு கோடி அளவிலான சேகரிப்பில் பெரும்பகுதி போயிற்று. அதில் இன்று பேச ஆளில்லாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அடக்கம். அந்த மக்களின் ஊரில் ஒரு பிரதியாவது இருந்திருந்தால் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்த ஆச்சிக்கு இது புதிய செய்தி இல்லை.

அடுத்தது, கொஞ்சம் வலுவான எதிர்வாதம்: உள்ளூர் அருங்காட்சியகம் ஊர்ப்பெருமையின் மேடையாகிவிடாதா? ஆகும். ஆகிக்கொண்டும் இருக்கிறது. கீழடி என்றதும் எல்லாரும் சொல்லும் கி.மு. 580 என்ற காலம், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டின் காலம். அந்த அடுக்குக்கு மேலே உள்ளவை பிந்தியவை. ஆனால் ஊர் திரும்பிப் பேசுகிறவர்கள் பகடைக்காய், பானை ஓடு, செங்கல் சுவர் எல்லாவற்றுக்கும் அதே ஆண்டைச் சூட்டிவிடுகிறார்கள். 110 ஏக்கரில் தோண்டியது மிகச் சிறு பகுதி என்பதும் பேச்சில் காணாமல் போகிறது. ‘அங்கே இன்னது கிடைக்கவில்லை, ஆகவே அது அங்கே இருந்ததில்லை’ என்று துணிந்துவிடுகிறோம். இது குறைதான். ஆனால் இதற்கு மருந்து பொருளைத் தூரத்துக்குக் கொண்டுபோவது அல்ல. தூரத்தில் இருக்கும்போதுதான் கட்டுக்கதை கொழுக்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் பெர்லினிலும் எழும்பூரிலும் மட்டும் இருந்த காலத்தில் ஊரில் அவற்றைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றைச் சரிபார்க்க யாருக்கு வழியிருந்தது? குழியும் பொருளும் அருகருகே இருந்தால், எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்று ஒரே ஒரு வரைபடம் போதும். அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதற்குத் துறைக்குத் துணிவு வேண்டும், நமக்கு அதைக் கேட்கும் பழக்கம் வேண்டும்.

[பெட்டிச் செய்தி] மூன்று துறை, ஒரே மண்

தமிழ்நாட்டில் அருங்காட்சியகங்களை ஒரே துறை நடத்துவதில்லை. எழும்பூரும், 1910-ல் சமஸ்தான காலத்தில் தொடங்கிய புதுக்கோட்டையும், மாவட்டத் தலைநகர்களில் உள்ளவையும் மாநில அருங்காட்சியகங்கள் துறையிடம். கீழடி, பூண்டி, கங்கைகொண்ட சோழபுரம், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை போன்றவை மாநிலத் தொல்லியல் துறையிடம். இவற்றுக்கு அத்துறை வைத்திருக்கும் அழகான பெயர் ‘அகழ்வைப்பகம்’. ஆதிச்சநல்லூர்க் கண்ணாடித் தளம் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையிடம். ஒரே ஆற்றங்கரையின் கதையை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர் மூன்று அலுவலகங்களின் எல்லையைக் கடக்க வேண்டும்.

மங்கிய அட்டை, பூட்டிய கதவு

மூன்றாவது எதிர்வாதத்தைப் பயணிகளே சொல்கிறார்கள், அதுவும் நியாயமாகவே: போனால் பூட்டியிருக்கிறது, திறந்திருந்தால் விளக்கு எரியவில்லை, எரிந்தால் அட்டையில் மூன்றே வரி, அதுவும் ‘சுடுமண் பொருள், காலம், இடம்’ என்று ரேஷன் கார்டு நடையில். சின்ன அருங்காட்சியகங்களில் பலவற்றுக்கு இது பொருந்தும். சென்னையிலிருந்து ஒரு பகலில் போய்வரக்கூடிய பூண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கிருந்து கிட்டத்தில் அத்திரம்பாக்கம். 1863-ல் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை என்று சாந்தி பப்புவின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பூண்டி அகழ்வைப்பகம் இருப்பதே அந்தக் கதைக்காகத்தான். ஆனாலும் அணையில் மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்பும் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்?

பயணியின் அலட்சியம், துறையின் அலட்சியம் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஆள் வராததால் ஆள் போடுவதில்லை. ஆள் போடாததால் ஆள் வருவதில்லை. இந்த வட்டத்தை உடைக்க அரசுதான் முதலில் அசைய வேண்டும் என்பது சரியான வாதம், ஆனால் கீழடி வேறுமாதிரி நடந்தது. அங்கே கட்டடத்துக்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. அகழாய்வு நடந்தபோதே மக்கள் குழியைப் பார்க்க வரிசை கட்டினார்கள். அந்தக் கூட்டம் செய்தியானது, செய்தி வழக்குக்கு வலுவானது, வழக்குக்கும் கூட்டத்துக்கும் பிறகு கட்டடம் எழுந்தது. தேவை தெரிந்தால் துறை அசைகிறது. ஆகவே ஊர் சுற்றக் கிளம்புகிறவரின் அரைமணி நேரமும் ஒரு வாக்குச் சீட்டு மாதிரிதான். அதைப் பயணத்தின் கடைசியில், கடை கண்ணி முடிந்து, கால் ஓய்ந்த நேரத்தில் போடுவதால்தான் வீணாகிறது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் அங்கே போவதில் வேறொரு வசதியும் உண்டு: அதன்பிறகு பார்க்கும் கோயிலும் குளமும் கடைத்தெருவும் தனித்தனிக் காட்சியாக நிற்காமல் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

அருங்காட்சியகம் செய்ய வேண்டியதும் பெரிய செலவு இல்லை. தொடுதிரையும் முப்பரிமாணப் படமும் வந்தால் வரட்டும். அவை பழுதானால் மாதக்கணக்கில் துணி போர்த்தி நிற்பவை. அதற்கு முன் ஒவ்வொரு கூடத்திலும் ஒரு சாளரமாவது பொருள் கிடைத்த திசையைப் பார்த்துத் திறந்திருக்கலாம். அட்டையில் ‘இது இங்கிருந்து இன்ன தூரத்தில், இந்தத் தோப்பில், இவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, நடந்து போய்ப் பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். ஊர்ப் பையன்களும் பெண்களும் அகழாய்வில் மண் சுமந்திருக்கிறார்கள், மண்வாரியால் சுரண்டியிருக்கிறார்கள். எந்த ஓடு எங்கே வந்தது என்று அவர்களுக்குக் கைப்பாடம். வழிகாட்டியாக அவர்களை அமர்த்தினால் ரேஷன் கார்டு நடை தானாகவே ஒழியும்.

கடல் இல்லாத துறைமுகம்

திருநெல்வேலிப் பக்கம் ரெட்டியார்பட்டியில் 13 ஏக்கரில் எழுந்துள்ள பொருநை அருங்காட்சியகம் இந்த வாதத்துக்கு ஒரு சோதனை. சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை ஆகிய தாமிரபரணிக்கரை ஊர்களின் கண்டெடுப்புகளை ஒரே வளாகத்தில் காட்டுவது அதன் நோக்கம். பெரிய சாலையை ஒட்டி இருப்பதால் வருவதற்கு எளிது. ஓர் ஆற்றின் கதையைச் சேர்த்துச் சொல்லவும் முடியும். சென்னைக்குக் கொண்டுபோவதோடு ஒப்பிட்டால் இது பல படி மேல். ஆனால் அது முன்வாசலாக இருக்கும்வரைதான் நல்லது. அங்கே பார்த்தாகிவிட்டது, இனி ஊருக்கு எதற்கு என்று வருகிறவர் திரும்பிவிட்டால், எழும்பூரின் கதை சிறிய அளவில் திரும்பவும் நடந்ததாகத்தான் அர்த்தம். ஊர்களுக்குப் போகும் வழியும் பஸ் நேரமும் அங்கே வாசலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

கொற்கையைப் பற்றி எந்தக் கூடத்திலும் காட்ட முடியாத ஒன்று இருக்கிறது என்பதுதான் காரணம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று படித்துவிட்டு அங்கே இறங்குகிறவர் முதலில் தேடுவது கடலை. கடல் இல்லை. வயல், வாழை, ஒரு குளம், பழைய வன்னி மரம், தெருவில் காயும் நெல். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை மெல்ல மெல்லத் தள்ள, கடல் சில கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. துறைமுகம் வேளாண் கிராமமாயிற்று. 1968–69-ல் அங்கே தோண்டியபோது கிடைத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 785. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு இதை விளக்கலாம். ஆனால் உப்புக்காற்றே வீசாத தெருவில் நின்று ‘இதுவா துறைமுகம்’ என்று திகைப்பவருக்குக் கிடைப்பது வேறு அறிவு.

திருச்செந்தூர் வேனுக்கு இது பெரிய சுற்றும் அல்ல. ஆதிச்சநல்லூரில் இறங்கிக் கண்ணாடித் தரையில் கொஞ்ச நேரம். பிறகு ஆற்றைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம். கள்ளபிரான் கோயில் நடை சாத்துவதற்குள் ஒரு சேவை. அங்கிருந்து ஏரல் வழியாகக் கொற்கை. வன்னி மர நிழலில் புளியோதரைத் தூக்கைத் திறக்கலாம். மறுபடி ஆற்றைக் கடந்து ஆத்தூர் வழியே போனால், கொற்கையில் தேடிய கடல் சாயரட்சைக்குள் திருச்செந்தூர்க் கோயில் மதிலில் வந்து மோதிக்கொண்டிருக்கும்.